பேரிடர்க் காலத்தில் கால்நடைப் பாதுகாப்பு: முன்னேற்பாட்டின் பொருளாதாரமும் நடைமுறையும்

நாட்டின் ஊரகப் பொருளாதாரத்தில் கால்நடைச் செல்வம் பெற்றிருக்கும் இடம் அனைவரும் அறிந்ததே. 2019ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 53.58 கோடி கால்நடைகள் இருந்தன. இவற்றுள் மாடுகள் 19.25 கோடி, எருமைகள் 10.99 கோடி, வெள்ளாடுகள் 14.89 கோடி, செம்மறி ஆடுகள் 7.43 கோடி. இவையன்றிக் கோழி முதலிய பறவைகள் 85.18 கோடி. இத்துணைப் பெரிய செல்வத்தின் கணிசமான பகுதி, புயல் தாக்கும் கடற்கரைகளிலும், வெள்ளம் பாயும் ஆற்றுச் சமவெளிகளிலும், மழை பொய்க்கும் வறண்ட மாவட்டங்களிலும் இருக்கிறது.

புயலிலும் வெள்ளத்திலும் மனித உயிரைக் காப்பதில் நாடு கடந்த கால் நூற்றாண்டில் பெரும் முன்னேற்றம் கண்டுள்ளது. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாக் கடற்கரையைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபர் 12 அன்று கோபால்பூர் அருகே கரை கடந்த பைலின் புயலின்போது சுமார் 10 இலட்சம் மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர்; உயிரிழந்தோர் ஐம்பதிற்கும் குறைவானவரே. முன்னெச்சரிக்கை, புகலிடம், ஒத்திகை ஆகிய மூன்றும் இணைந்ததன் பயன் இது. ஆனால் இதே அளவு முன்னேற்றம் கால்நடைப் பாதுகாப்பில் ஏற்பட்டுள்ளது என்று கூற இயலாது. 1999ஆம் ஆண்டுப் புயலில் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட கால்நடைகள் அழிந்தன. அத்தகைய இழப்பு மீண்டும் நேராதிருக்கச் செய்ய வேண்டியவை யாவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனிதப் பாதுகாப்புடன் உள்ள தொடர்பு

கால்நடைப் பாதுகாப்பை மனிதப் பாதுகாப்புக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணுவது நிர்வாகத்தின் வழக்கம். முதலில் மக்கள், பின்னர் மாடுகள் என்ற இந்த வரிசை அறத்தின் அடிப்படையில் சரியே. எனினும் நடைமுறையில் இவ்விரண்டையும் பிரிக்க முடிவதில்லை. எச்சரிக்கை கிடைத்த பின்னரும் வீட்டைவிட்டு வெளியேற மறுப்போர் பலர். காரணம் கேட்டால், "மாட்டை யாரிடம் விட்டுச் செல்வது?" என்ற விடையே பல இடங்களில் கிடைக்கிறது. குழந்தைகளையும் முதியோரையும் புகலிடத்திற்கு அனுப்பிவிட்டு, குடும்பத்தில் ஒருவர் தொழுவத்தைக் காக்கத் தங்கிவிடுகிறார்.

2008 ஆகஸ்டு 18 அன்று நேபாளத்தின் குசஹா என்னுமிடத்தில் கோசி ஆற்றின் கரை உடைந்து, பீகாரின் சுபௌல், மதேபுரா, அரரியா, சஹர்சா, பூர்ணியா மாவட்டங்களில் முப்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டனர். இத்தகைய வெள்ளங்களின்போது கரைகளின் மீதும் நெடுஞ்சாலைகளின் மீதும் மக்கள் தம் மாடுகளுடன் நாட்கணக்கில் தங்கியிருப்பது வட பீகாரில் வழக்கமான காட்சி. முகாமுக்குச் செல்ல வழியிருந்தும், மாட்டுக்கு அங்கு இடமில்லை என்பதால் செல்லாதவர்களும் அவர்களுள் உண்டு.

இந்நிலை ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா சூறாவளியின்போது, வளர்ப்பு நாய், பூனைகளை உடன் கொண்டுசெல்ல அனுமதி இல்லாமையால் வீட்டைவிட்டு வெளியேற மறுத்தோர் பலர். அதன் விளைவாக, வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அந்நாடு 2006இல் சட்டமியற்றியது. விலங்குக்கு இடமளிக்காத புகலிடம் மனிதரையும் முழுமையாக ஈர்ப்பதில்லை என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

இழப்பின் பொருளாதாரம்

நிலமற்ற தொழிலாளிக்கும் சிறு விவசாயிக்கும் மாடு பலவிதமான சொத்து. அது நாள்தோறும் பால் வருமானம் தருகிறது. எருவும் எரிபொருளும் தருகிறது. அவசரத் தேவைக்கு விற்றுப் பணமாக்கக்கூடிய சேமிப்பாகவும் அமைகிறது. ஆடு, கோழி ஆகியவை பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் வளர்வதால், அவற்றின் இழப்பு குடும்பத்தில் பெண்ணின் கைவசமுள்ள வருமானத்தையே முதலில் தாக்குகிறது. வெள்ளத்தில் மூழ்கிய நிலம் அடுத்த பருவத்தில் மீண்டும் விளையும். இறந்த கறவை மாட்டுக்கு மாற்றாக ஒரு கன்றை வளர்த்துப் பால் கறக்க மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை வாங்கிய கடனுக்கு வட்டி வளர்ந்துகொண்டே செல்லும்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கென 2022–26 காலத்திற்கு வகுக்கப்பட்ட விதிகளின்படி, இறந்த கறவை மாடு அல்லது எருமை ஒன்றுக்கு ரூ.37,500, ஆடு அல்லது பன்றி ஒன்றுக்கு ரூ.4,000, உழவு எருது ஒன்றுக்கு ரூ.32,000, கன்றுக்கு ரூ.20,000 என நிவாரணம் நிர்ணயிக்கப்பட்டது. பெரிய கறவை விலங்குகளாயின் குடும்பம் ஒன்றுக்கு மூன்று என்பதும், ஆடு போன்ற சிறியவையாயின் முப்பது என்பதும் உச்ச வரம்பு. கோழி ஒன்றுக்கு ரூ.100, குடும்பத்திற்கு ரூ.10,000க்கு மேற்படாது. நல்ல கறவை எருமையின் சந்தை விலை இத்தொகையை விட மிகுதி என்பதை விவசாயி நன்கு அறிவார். நிவாரணம் வாழ்வைத் தாங்கிப் பிடிக்கும் உதவியேயன்றி இழப்புக்கு ஈடாகாது.

இதே விதிகளின்கீழ், கால்நடை முகாமில் பெரிய விலங்கு ஒன்றைப் பராமரிக்க நாளொன்றுக்கு ரூ.80, சிறிய விலங்குக்கு ரூ.45 என அனுமதிக்கப்பட்டது. இவ்விரு தொகைகளையும் ஒப்பிட்டு நோக்குவது பயனுடையது. ஒரு மாட்டைப் பத்து நாள் முகாமில் வைத்துக் காக்க ரூ.800 ஆகும். நாற்பத்தேழு மாடுகளை இவ்வாறு காக்க ரூ.37,600 ஆகும். ஒரு மாடு இறந்தால் அரசு வழங்கும் நிவாரணமும் ஏறத்தாழ இதே தொகைதான். அதாவது, நாற்பத்தேழு மாடுகளைக் காத்து அவற்றுள் ஒன்றே ஒன்று சாவிலிருந்து தப்பினாலும் அரசின் செலவு ஈடாகிவிடுகிறது. குடும்பத்திற்கு மிஞ்சும் பால் வருமானமும், அடுத்த ஈற்றும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. முன்னேற்பாடு கருணையின்பாற்பட்டது மட்டுமன்று, சிக்கனத்தின்பாற்பட்டதும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சட்டமும் அமைப்பும்

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் தேசிய, மாநில, மாவட்ட அளவில் அதிகார அமைப்புகளை ஏற்படுத்தியது. மத்திய அமைச்சகம் ஒவ்வொன்றும் தனக்கெனப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் வகுக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் 37ஆம் பிரிவு. 31ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத்திற்கும் திட்டம் வேண்டும். மாவட்டத் திட்டத்தில் கால்நடைக்கென ஒரு பகுதி இடம்பெற்றிருப்பினும், அது பல வேளைகளில் மருத்துவமனைகளின் முகவரிப் பட்டியலாகவே நின்றுவிடக்கூடும். பயன்தரும் திட்டம் ஊராட்சி அளவில் மூன்று வினாக்களுக்கு விடை கூற வேண்டும்: எத்தனை விலங்குகள்? அவை எங்குச் செல்லும்? அங்கு எத்தனை நாள் எதை உண்டு, எதைக் குடிக்கும்?

முதல் வினாவுக்கு விடை காண்பது இன்று எளிதாகியுள்ளது. 2019இல் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், தடுப்பூசி போடப்படும் மாடு, எருமைகளுக்குப் பன்னிரண்டு இலக்க எண் கொண்ட காது வில்லை பொருத்தப்படுகிறது. இவ்வெண் வெள்ளத்தில் தொலைந்த மாட்டை உரியவரிடம் சேர்க்கவும், காப்பீட்டுத் தொகையையும் நிவாரணத்தையும் தாமதமின்றிப் பெறவும் துணை செய்யும். காது வில்லை எண்களின் படி ஒன்று ஊராட்சியிலும், மற்றொன்று வெள்ளம் எட்டாத வட்டத் தலைமையிடத்திலும் இருத்தல் நலம்.

இடம், தீவனம், நீர்

புகலிடம் பற்றிய அனுபவம் அண்டை நாடான வங்காளதேசத்திலிருந்தும் கிடைக்கிறது. 1970ஆம் ஆண்டுப் பெரும்புயலுக்குப் பின்னர் அங்குக் கடற்கரைச் சமவெளியில் உயரமான மண்மேடுகள் எழுப்பப்பட்டன. 'கில்லா' என வழங்கும் இம்மேடுகள் கடல்நீர் உட்புகும்போது கால்நடைகளுக்குப் புகலிடமாகின்றன. இதற்கு வேண்டுவது மண்ணும் உழைப்பும் மட்டுமே. குளம் தூர்வாரும் பணியில் கிடைக்கும் மண்ணைக் கொண்டே மேட்டை எழுப்பலாம். மேட்டின் சரிவில் புல்லும், ஓரத்தில் அகத்தி, கிளுவை போன்ற மரங்களும் வளர்த்தால் மண் அரிப்பும் குறையும், தீவனமும் கிட்டும். மேட்டுக்குச் செல்லும் பாதை மாடு ஏறத்தக்க மென்சரிவாக இருத்தல் இன்றியமையாதது. செங்குத்தான படிகள் கொண்ட கட்டடம் மாட்டுக்குப் பயன்படாது.

இரண்டாவது தேவை தீவனம். 300 பெரிய கால்நடைகள் உள்ள ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். உயிரைத் தாங்க விலங்கு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஆறு கிலோ வைக்கோல் எனக் கொண்டால், பத்து நாளுக்கு 18 டன் வேண்டும். விலங்கு ஒன்றுக்கு 40 லிட்டர் நீர் எனின், நாள்தோறும் 12,000 லிட்டர் வேண்டும். புயல் அடித்து மரங்கள் சாலையில் சாய்ந்த பின்னர் 18 டன் வைக்கோலை வெளியூரிலிருந்து கொண்டுவருவது கடினம். அறுவடைக் காலத்தில் அதனைச் சேமித்து மேட்டுநிலத்தில் போராக அடுக்கி, நீர் புகாதவாறு மூடி வைப்பது எளிது. வைக்கோல் பெரும் இடத்தை அடைப்பது; அழுத்திக் கட்டிகளாக்கினால் அதே வண்டியில் பன்மடங்கு ஏற்றலாம்.

வைக்கோலின் சத்தை உயர்த்தும் முறையும் அறியத்தக்கது. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை நீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால், அது எளிதில் செரிக்கும் தீவனமாகிறது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட கன்றுகளுக்கும், குதிரை, பன்றி போன்ற அசைபோடாத விலங்குகளுக்கும் இதனைத் தரலாகாது. யூரியாவை நேரடியாக நீரில் கலந்து கொடுப்பது விலங்கைக் கொல்லும். எனவே இம்முறையை அமைதிக் காலத்திலேயே பயிற்சியின் வாயிலாகக் கற்பிக்க வேண்டும்.

எச்சரிக்கைக் காலத்தைப் பயன்படுத்துதல்

இந்திய வானிலைத் துறை புயல் பற்றி நான்கு கட்டங்களில் அறிவிக்கிறது. இக்கட்டங்களுக்கு இசையக் கால்நடைப் பணிகளையும் வகுத்துக்கொள்ளலாம்.

முதற்கட்டம்: சுமார் 72 மணி நேரத்திற்கு முன் வரும் முன்னறிவிப்பு. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளையும் மருந்து இருப்பையும் சரிபார்த்தல்; மேட்டுநிலத்தில் வைக்கோலும் நீர்த்தொட்டியும் ஆயத்தமாக உள்ளனவா எனக் காணுதல்; சினை மாடுகள், கன்றுகள், நோயுற்றவை ஆகியவற்றைக் கணக்கெடுத்தல்.

இரண்டாம் கட்டம்: சுமார் 48 மணி நேரத்திற்கு முன் வரும் எச்சரிக்கை. தாழ்நிலக் கால்நடைகளை ஓட்டிச் செல்லத் தொடங்க வேண்டிய நேரம் இதுவே. மாடு மணிக்கு மூன்று அல்லது நான்கு கிலோமீட்டர் நடக்கும். பத்துக் கிலோமீட்டர் தொலைவைப் பகலொளியில் ஒரே முற்பகலில் கடந்துவிடலாம். நீர் சூழ்ந்த பின்னர் இது இயலாது. மீட்புப் படகு மனிதரை ஏற்றும், எருமையை ஏற்றாது.

மூன்றாம் கட்டம்: சுமார் 24 மணி நேரத்திற்கு முன் வரும் எச்சரிக்கை. எஞ்சிய விலங்குகளை உறுதியான கொட்டிலுக்கு மாற்றுதல்; தகரக் கூரைகளை இறுகக் கட்டுதல் அல்லது கழற்றுதல்; ஆடு, கோழிகளை உயரமான இடத்தில் சேர்த்தல்.

நான்காம் கட்டம்: சுமார் 12 மணி நேரத்திற்கு முன் வரும் அறிவிப்பு. ஓட்டிச் செல்ல இயலாமற் போனால், கயிற்றை அவிழ்த்துவிடுதல். இது மிக முக்கியமானது. மாடும் எருமையும் இயல்பாகவே நீந்த வல்லவை. வெள்ளத்தில் மூழ்கி இறக்கும் மாடுகளில் பல கட்டுத்தறியிலேயே இறக்கின்றன. ஒரு கயிற்றை அவிழ்ப்பதற்குப் பணமோ ஆணையோ வேண்டியதில்லை. அறிவு மட்டுமே வேண்டும்.

ஆற்று வெள்ளத்திற்கு மத்திய நீர் ஆணையம் வெளியிடும் நீர்மட்ட முன்னறிவிப்பைக் கொண்டு இதே முறையைப் பின்பற்றலாம்.

நோய்த் தடுப்பு

பேரிடரில் தப்பிய விலங்கு, அதன் பின்னர் வரும் நோயில் இறப்பது உண்டு. ஈரம், பட்டினி, நெருக்கம், சேறு ஆகியவை தொண்டை அடைப்பான், சப்பை நோய், கோமாரி ஆகியவற்றுக்கும், ஆடுகளில் துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய் ஆகியவற்றுக்கும் வழிவகுக்கும். தடுப்பூசி போட்டவுடன் எதிர்ப்பாற்றல் தோன்றுவதில்லை. அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். ஆகவே வெள்ளம் வடிந்த பின் ஊசியுடன் விரைவதைவிட, பருவமழைக்கு முன்னரே போட்டு முடிப்பது பயன் தரும். முகாமுக்குள் வரும் விலங்குகளைச் சோதித்து, நோய் அறிகுறி உள்ளவற்றைத் தனியே கட்டுவதும் இன்றியமையாதது.

உணவளிப்பதிலும் கவனம் தேவை. பல நாள் பட்டினி கிடந்த மாட்டுக்கு இரக்கத்தால் சோறும் கஞ்சியும் தானியமும் மிகுதியாகக் கொடுப்பர். வயிற்றில் அமிலத்தன்மை பெருகி மாடு இறக்க நேரும். முதலில் வைக்கோலும் நீரும் கொடுத்து, அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். வெள்ளம் வடிந்த நிலத்தில் சேறு படிந்த புல்லை மேய விடலாகாது. குளம்பு அழுகலையும், ஈரல் தட்டைப்புழுவையும் எதிர்பார்த்து மருத்துவம் செய்ய வேண்டும். கடல்நீர் புகுந்த குளங்கள் உவர்ப்பாகிவிடுவதால், கடற்கரை ஊர்களில் குடிநீர் வண்டிகள் மாட்டுக்கும் சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும்.

இறந்த விலங்குகளை அகற்றுவது பொதுச் சுகாதாரப் பணி. நீர்நிலைகளிலிருந்து தொலைவில் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு இட்டுப் புதைத்தல் வேண்டும். அதற்கான இடத்தை முன்னரே குறித்து வைத்தல் நலம். மூக்கிலும் ஆசனவாயிலும் இரத்தம் கசியத் திடீரென இறந்த விலங்கு அடைப்பான் நோயால் இறந்ததாக இருக்கலாம். அதனை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. புதைக்கும் முன் காது வில்லை எண்ணைக் குறித்து, உரிய அலுவலரிடம் இறப்புச் சான்று பெற வேண்டும். அவசரத்தில் சான்றின்றிப் புதைத்துவிட்டுப் பின்னர் நிவாரணத்திற்கு அலைவோர் நிலை இரங்கத்தக்கது. ஆகவே சான்று வழங்கும் அதிகாரத்தைப் பேரிடர்க் காலத்தில் களத்தில் உள்ள அலுவலர்க்கு முன்கூட்டியே பகிர்ந்தளிப்பது மாவட்ட நிர்வாகத்தின் கடமையாகும்.

நாய், பூனை முதலிய வளர்ப்புப் பிராணிகள்

நகரங்களில் வளர்ப்புப் பிராணிகளின் எண்ணிக்கை பெருகிவருவதால் அவற்றையும் திட்டத்தில் சேர்ப்பது தேவை. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, கழுத்துப்பட்டையில் உரிமையாளர் தொடர்பு எண், கூடை அல்லது கூண்டு, ஒரு வாரத்திற்கான உணவு ஆகியவை ஆயத்தமாக இருத்தல் வேண்டும். சங்கிலியில் கட்டிய நாயைப் பூட்டிய வீட்டில் விட்டுச் செல்வது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். கைவிடப்பட்ட நாய்கள் கூட்டமாகத் திரிந்து மக்களைக் கடிப்பதும் பேரிடருக்குப் பிந்திய தொல்லைகளுள் ஒன்று. புகலிடத்தில் பிராணிகளுக்கெனத் தனியே ஓர் அறையோ பந்தலோ ஒதுக்கினால் இருதரப்பாருக்கும் இடையூறு இராது.

மெல்ல வரும் பேரிடர்

வறட்சி ஒரே இரவில் வருவதில்லை. ஆயினும் அதன் அழிவு குறைந்ததன்று. தீவனம் குறையும்போது விவசாயிகள் அனைவரும் ஒரே நேரத்தில் மாடுகளைச் சந்தைக்குக் கொண்டுவருவதால் மாட்டு விலை வீழ்கிறது. தீவன விலையோ ஏறுகிறது. மழை பெய்த பின் மாடு வாங்க முற்படும்போது விலை மீண்டும் உயர்ந்துவிடுகிறது. இவ்வாறு இருமுறை நட்டமடைவோர் சிறு விவசாயிகளே. மகாராஷ்டிராவில் 2012–13, 2018–19 வறட்சி ஆண்டுகளில் நடத்தப்பட்ட கால்நடை முகாம்கள் இத்தகைய அவல விற்பனையைத் தடுக்கும் கருவியாயின. முகாமைத் தொடங்கும் காலமே அதன் பயனை நிர்ணயிக்கிறது. மாடுகள் விற்கப்பட்ட பின்னர் திறக்கப்படும் முகாம் எஞ்சியோர்க்கே உதவும். வறட்சியில் வாடிய இளஞ்சோளப் பயிரில் நஞ்சு உண்டாகும் என்பதையும் விவசாயிகளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

காப்பீடு

தேசியக் கால்நடை இயக்கத்தின்கீழ் 2024இல் செய்யப்பட்ட மாற்றத்தால், கால்நடைக் காப்பீட்டுக் கட்டணத்தில் விவசாயியின் பங்கு 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. எஞ்சியதை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. நிவாரணத் தொகைக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளியை நிரப்பக் காப்பீடே தக்க வழி. தடுப்பூசி, காது வில்லை, காப்பீடு ஆகிய மூன்றையும் பருவமழைக்கு முந்திய ஒரே முகாமில் செய்து முடித்தால், விவசாயி மூன்று நாள் கூலியை இழக்க வேண்டியிராது; அலுவலர்க்கும் பணி எளிதாகும்.

முடிவுரை

மேலே கூறியவற்றுள் பெரும்பாலானவை புதிய நிதியை வேண்டுபவை அல்ல. குளத்து மண்ணில் மேடு எழுப்புதல், அறுவடை வைக்கோலைச் சேமித்தல், தடுப்பூசியை உரிய காலத்தில் போடுதல், எச்சரிக்கையின் இரண்டாம் கட்டத்திலேயே மாடுகளை நகர்த்துதல், இயலாதபோது கயிற்றை அவிழ்த்தல் ஆகிய ஐந்தும் ஊராட்சியின் ஆற்றலுக்கு உட்பட்டவையே. ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறும் புயல், வெள்ள ஒத்திகையில் மனிதருடன் மாடுகளையும் ஓட்டிச் சென்று பார்த்தால், திட்டத்தின் குறைகள் பேரிடர் வருமுன்னரே தென்படும். பாதை குறுகலா, நீர்த்தொட்டி வற்றியுள்ளதா, மேட்டில் ஆக்கிரமிப்பு உள்ளதா என்பவற்றைக் கோப்பு காட்டாது. நடந்து செல்லும் மாடு காட்டிவிடும். மனித உயிரைக் காப்பதில் நாடு பெற்ற வெற்றி, அம்மனிதர் வீடு திரும்பும்போது அவர்தம் வாழ்வாதாரமும் தொழுவத்தில் நிற்குமாயின் மட்டுமே முழுமை பெறும்.